அலமாரி டாங்கியை ரிமோட்டில் ஓட வைத்தது

மூன்று வருடமாக அலமாரியில் தூசி படிந்து கிடந்த டாங்கி இது. இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் டாங்கியான டி-34/85இன் 1/35 அளவு மாதிரி, பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட். ஒரு நாள் துடைக்க எடுத்தபோது சக்கரம் ஒன்று விரல் பட்டுச் சுழன்றது. கட்டிய காலத்தில் சக்கரங்களுக்குள் பாலிகேப் என்கிற வழுவழுப்பான குழல் துண்டுகளைப் போட்டு, பசை தடவாமல் அச்சில் செருகியிருந்தேன். அது மறந்தே போயிருந்தது. சக்கரம்தான் சுற்றுகிறதே, மோட்டார் வைத்தால் ஓடாதா என்று தோன்றியதுதான் வினை.

ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏழு வாரம் பிடித்தது. அதில் ஒயர், சர்க்யூட், நிரல் எல்லாம் சேர்த்தே நான்கு மாலைதான் இருக்கும். மற்றதெல்லாம் ட்ராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எந்த போர்டு, எந்த ரிசீவர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். ட்ராக் எதனால் ஆனது, எவ்வளவு இளக்கமாகச் சுற்றுகிறது என்று முதலில் பார்த்திருந்தால் பாதி நாள் மிச்சமாகியிருக்கும்.

மூன்று மில்லிமீட்டர் பஞ்சாயத்து

நிஜ டி-34/85இன் உடல் சுமார் 6.1 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். முப்பத்தைந்தால் வகுத்தால் பதினேழரைக்கு எட்டரை சென்டிமீட்டர். தாராளமான இடம் என்று தோன்றும். ஆனால் அந்த எட்டரைக்குள் இரண்டு பக்க ட்ராக்கும் அடக்கம். சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் தொட்டியை, அதாவது உடலின் கீழ்ப்பாதியை, வெர்னியர் வைத்து அளந்தால் உள்பக்க அகலம் 48 மி.மீ.தான்.

மோட்டாருக்கு என்20 என்கிற, கியர்பெட்டியோடு வரும் குட்டி ரகத்தை எடுத்தேன். முகப்பு 12க்கு 10 மி.மீ., முனையில் 3 மி.மீ. தண்டு, அதில் ஒரு பக்கம் தட்டை. மோட்டாரும் கியர்பெட்டியும் சேர்ந்து 24 மி.மீ. நீளம். இரண்டை முதுகோடு முதுகாக வைத்தால் சரியாக 48 என்று கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டேன். பின்னால் ஒயர் பற்றவைக்கும் காதுகள் தலா ஒன்றரை மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக மொத்தம் 51. மூன்று மி.மீ. உதைத்தது.

ஒரு மோட்டாரை மேலே தூக்கி, இடையில் ஒரு பல்சக்கர ஜோடி வைக்கலாமா என்று இரண்டு நாள் காகிதத்தில் கிறுக்கினேன். வழி கிட்டிலேயே இருந்தது. நிஜ வண்டியில் கடைசிக் கட்டக் கியர்கள் உடலுக்கு வெளியே, ட்ராக்கை இழுக்கும் ஓட்டுச் சக்கரத்தை ஒட்டிய ஒரு புடைப்பான மூடிக்குள் இருக்கும். கிட்டில் அந்த மூடி உள்ளே குழியாகத்தான் வார்க்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் தொட்டியின் சுவரில் 12க்கு 10 அளவில் செவ்வகத் துளை வெட்டி, கியர்பெட்டியின் மூக்கை இரண்டு மி.மீ. வெளியே தள்ளினேன். மூடி அதை மறைத்துவிட்டது. நிஜ வண்டியில் கியர் இருக்கும் அதே இடத்தில் இப்போது என் கியரும் இருக்கிறது. ஏனோ அதில் ஒரு திருப்தி.

டி-34இல் ஓட்டுச் சக்கரம் பின்னால் இருப்பது நமக்கு வசதி. மோட்டார்கள் பின்னால், பேட்டரி ஓட்டுநர் உட்காரும் இடத்தில் முன்னால் என்று வைத்தால் எடை தானாகச் சமன்படுகிறது.

இங்கே ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லியாகவேண்டும். மோட்டாரைத் தற்காலிகமாக நிறுத்த, தண்ணீர்போல் ஓடும் ரக சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டேன். என்20இன் கியர்பெட்டி பக்கங்களில் திறந்திருக்கும். பித்தளைத் தட்டுகளுக்கு நடுவே பற்கள் கண்ணுக்குத் தெரியும். பசை அந்த இடுக்கில் ஏறிப் போனதை நான் பார்க்கவேயில்லை. அரை மணி கழித்து மின்சாரம் கொடுத்தால் ஒரு முனகல், அவ்வளவுதான். மோட்டார் போனது போனதுதான். அப்புறம் கெட்டியான எப்பாக்ஸியைத் தவிர வேறு எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. அதற்கும் முன்னால் கியர் பக்கங்களை டேப்பால் சுற்றிக்கொண்டேன்.

எத்தனை ஆர்பிஎம்

நிஜ வண்டி சாலையில் மணிக்குச் சுமார் 55 கி.மீ. போகும். முப்பத்தைந்தால் வகுத்தால் நொடிக்கு 44 செ.மீ. ஓட்டுச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ட்ராக்கின் பன்னிரண்டு கண்ணிகளை (துண்டுகளை) இழுக்கிறது. ஒரு கண்ணியின் நீளம் நிஜத்தில் 172 மி.மீ.; நம் அளவில் ஒரு சுற்றுக்கு 59 மி.மீ. நகர்வு. அப்படியானால் உச்ச வேகத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 440 சுற்று வேண்டும். இந்தக் கணக்கை நம்பி 6 வோல்ட்டில் 500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 500 சுற்று) கொடுக்கும் மோட்டாரை வாங்கிவிட்டேன். நேராகப் போனால் பாய்ந்தது. திரும்பச் சொன்னால் அப்படியே நின்றது. ட்ராக் வண்டிக்குத் திரும்புவதுதான் பெரிய பாரம். தரையோடு ட்ராக்கைப் பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கவேண்டும், அதற்கு முறுக்குவிசை வேண்டும்.

200 ஆர்பிஎம் மோட்டாருக்கு மாறினேன். ஒற்றை லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) செல்லின் 3.7 வோல்ட்டில் அது 120 சொச்சம்தான் சுற்றும். நொடிக்கு 12 செ.மீ., அதாவது நிஜத்தில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் மாதிரி. மேடு பள்ளத்தில் முப்பத்திரண்டு டன் வண்டி போகிற வேகம் அது. கண்ணுக்கு அதுதான் அழகு. பொம்மையைப் பொம்மையாகக் காட்டுவது முதலில் வேகம்தான்.

அச்சில் பிடிக்க வைப்பது

தண்டின் தட்டைப் பக்கம் ஆங்கில டி எழுத்து வடிவில் இருக்கிறது. அந்த வடிவில் பிளாஸ்டிக்கில் துளை போடுவது என் கைக்கு வராது. ஓட்டுச் சக்கரத்தின் நடுவை 5 மி.மீ.க்கு அகலமாகத் துளைத்தேன். மோட்டார் தண்டில் மெல்லிசாக எண்ணெய் பூசினேன். துளைக்குள் எப்பாக்ஸி மாவைத் திணித்து, தண்டை உள்ளே அழுத்தி, சக்கரம் கோணாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு நிமிடமும் கையால் சுற்றிப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் மாவு சோப்புக் கட்டி பதத்துக்கு வந்தது. அப்போது குறடால் மெதுவாக ஆட்டி இழுத்தால் "ப்ளக்" என்று வந்துவிட்டது. உள்ளே அச்சு அசலாக அதே வடிவத் துளை. இரவு முழுக்க இறுகவிட்டு மறுநாள் போட்டேன். இன்றுவரை வழுக்கவில்லை.

சக்கரம் தாங்கும் கைகளில் கிட்டின் பிளாஸ்டிக்கை மட்டும் நம்ப முடியாது. ஒவ்வொரு கையின் அடியிலும் 1 மி.மீ. பித்தளைக் கம்பி ஊசி இறக்கி, உள்பக்கம் எப்பாக்ஸி பூசினேன். பக்கத்துக்கு ஐந்து, மொத்தம் பத்து. சலிப்பான வேலை.

இனி ட்ராக்

கிட்டோடு வந்தது ரப்பர் மாதிரி வளையும் வினைல் பட்டை. அதைப் போட்டுத்தான் முதலில் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது, ஆனால் அழுதுகொண்டே ஓடியது. மல்டிமீட்டரைத் தொடரில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ட்ராக் இல்லாமல் ஒரு மோட்டார் 40 மில்லி ஆம்பியர் இழுத்தது. வினைல் ட்ராக்கோடு 280. அந்தப் பட்டைக்கு வட்டமாக இருக்கத்தான் பிடிக்கும்; சக்கரத்தைச் சுற்றி மடிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் அது முரண்டு பிடிக்கிறது. அந்த முரண்டெல்லாம் மோட்டாரின் தலையில். போதாததற்கு, முன்னால் சும்மா சுழலும் ஐட்லர் சக்கரத்தைப் பின்பக்கமாக இழுத்து, ஒரு வாரத்தில் அதன் அச்சையே சாய்த்துவிட்டது.

இன்னொன்று, டி-34இல் மேலே ட்ராக்கைத் தாங்க உருளைகள் கிடையாது. மேல்பக்க ட்ராக் சக்கரங்களின் தலையிலேயே படுத்து வரவேண்டும். வினைல் பட்டை அந்தரத்தில் கயிறு கட்டினதுபோல் விறைத்து நிற்கும். அலமாரியில் இருந்தபோது நூல் போட்டுக் கட்டிச் சமாளித்திருந்தேன். ஓடும் வண்டியில் அது நடக்காது.

ஆகவே உலோக ட்ராக். வெள்ளீயக் கலவையில் வார்த்த தனித்தனிக் கண்ணிகள், கூடவே அவற்றைக் கோக்கும் ஊசிகளுக்கு மெல்லிய கம்பி. பக்கத்துக்கு 72 கண்ணி: ஒன்று விட்டு ஒன்று, உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு உள்ளது, கொம்பு இல்லாதது. 144 கண்ணிகளின் துளைகளையும் 0.5 மி.மீ. ட்ரில்லால் கையில் பிடித்தே துளைத்து விடவேண்டும். வார்ப்பில் துளை இருக்கும், ஆனால் பாதியில் அடைத்திருக்கும். ட்ரில் பிட் ஒன்பது உடைந்தது. எட்டாவது உடைந்தபோதுதான் தெரிந்தது, பிட் முனையில் ஒரு பொட்டு எண்ணெய் வைத்து, இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் வெளியே இழுத்துத் துகளைத் தட்டினால் உடையாது என்று. ஒன்பதாவதைக் காலில் மிதித்தேன், அது வேறு கதை. சில வார்ப்புகளில் ஈயமும் இருக்கும் என்பதால் மேசையில் சாப்பிடுவதை அந்த நாட்களில் நிறுத்திவிட்டு, எழுந்த கையோடு சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கோத்த கண்ணிகளை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் சங்கிலிபோல் தொளதொளவென்று தொங்கவேண்டும். எங்காவது ஒரு கணு விறைத்து நின்றால் அந்த ஊசியை உருவி மறுபடி துளைக்கவேண்டும். முதல் பக்கத்தில் பதினொரு கணு விறைத்தது. இரண்டாவது பக்கத்தில் மூன்று.

மாட்டி, மறுபடி மல்டிமீட்டர். 90 மில்லி ஆம்பியர். 280 எங்கே, 90 எங்கே. அன்றைக்கு நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. வண்டியை மேசையில் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சந்தோஷம் இரண்டு நாள் நீடித்தது. திரும்பும்போதெல்லாம் "டக் டக்" என்று சத்தம், கூடவே ட்ராக் வழுக்கல். டி-34இன் ஓட்டுச் சக்கரத்துக்குப் பல் கிடையாது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஆறு ரோலர்கள். ட்ராக்கின் கொம்புகள் அவற்றில் மாட்டி இழுபடும். கிட்டில் அந்த ரோலர்கள் பிளாஸ்டிக். உலோகக் கொம்பு இரண்டே நாளில் அதில் பள்ளம் போட்டிருந்தது. ஆறையும் வெட்டி எறிந்துவிட்டு, அதே மையத்தில் 1 மி.மீ. கம்பி இறக்கி, அதன்மேல் 2 மி.மீ. பித்தளைக் குழாய்த் துண்டுகளைச் செருகினேன். குழாய் கம்பியின்மேல் சற்றே சுழலும், அதனால் தேய்மானமும் குறைவு. தட்டுகளுக்கு நடுவே 0.3 மி.மீ. பிளாஸ்டிக் தகடு ஒன்றும் வைத்து இடைவெளியை அகட்டினேன். கொம்புகள் பக்கவாட்டில் தட்டை உரசிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. "டக் டக்" நின்றது.

அடுத்த தலைவலி ஊசி. ஓட ஓட ஊசிகள் உள்பக்கமாக நகர்ந்து வந்து, தொட்டியின் சுவரில் கீறல் போட்டன. நிஜ டி-34இலும் இதே தொல்லை உண்டு. அதற்கு அந்த வடிவமைப்பாளர்கள் கண்ட தீர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊசியைப் பூட்டவேயில்லை. உள்பக்கம் தலை உள்ள ஊசி, வெளிப்பக்கம் சும்மா விட்டாயிற்று. உடலின் பக்கவாட்டில், ஓட்டுச் சக்கரத்துக்கு அருகே ஒரு ஆப்பு வடிவ இரும்புத் துண்டைப் பற்றவைத்துவிட்டார்கள். உடல் பக்கமாக நகர்ந்து வரும் ஊசி அந்த ஆப்பைக் கடக்கும்போது அதுவே தட்டிக் கண்ணிக்குள் திருப்பி அனுப்பிவிடும். என் கிட்டிலும் அந்த ஆப்பு இருந்தது. அது என்னவென்று தெரியாமல் வார்ப்புப் பிசிறு என்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்துத் தள்ளியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முந்தைய பாவம். பிளாஸ்டிக் ஆப்பு உலோக ஊசிக்கு எவ்வளவு நாள் தாங்குமோ என்பதால், ஊசியின் வெளிமுனையில் மட்டும் குண்டூசி நுனியால் ஒரு பொட்டு சூப்பர் க்ளூ. இந்த முறை கெட்டி ரகம்.

ட்ராக் இழுவிசைக்காக ஐட்லரின் வளைந்த கையைப் பசை போடாமல், உள்ளிருந்து ஒரு எம்2 திருகால் இறுக்கும்படி மாற்றினேன். நிஜ வண்டியிலும் ஐட்லரை முன்பின் நகர்த்தித்தான் இழுவிசையைச் சரிசெய்வார்கள். எவ்வளவு தொய்வு வேண்டும் என்றால், மேல்பக்க ட்ராக் நடுச் சக்கரங்களில் படுத்திருக்கவேண்டும், பின்னோக்கி ஓட்டித் திருப்பினாலும் கழன்றுவிடக் கூடாது. கால் சுற்றுத் திருகில் இது மாறிவிடும். ஒரு மாலை முழுக்க இதற்கே போனது.

ட்ராக்குக்குப் பெயிண்ட் அடிக்கவேண்டாம். கொம்பும் ரோலரும் உரசுமிடத்தில் உரிந்து, துகள் ஊசிக்குள் போகும். உலோகத்தைக் கறுப்பாக்கும் ரசாயனத்தில் முக்கி எடுத்து, மேடான பகுதிகளைத் துணியால் துடைத்தேன். தரையில் உரசி வெளுத்த மாதிரியே வந்தது.

சர்க்யூட்

நிரலை ஓட்டவும் ப்ளூடூத்துக்கும் ஈஎஸ்பி32 போர்டு, மோட்டார்களுக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் டிஆர்வி8833 மோட்டார் டிரைவர், 600 எம்ஏஎச் ஒற்றை லிப்போ செல், கையில் ஒரு பழைய ப்ளூடூத் கேம்பேட். கையிருப்பில் எல்298என் டிரைவர் ஒன்று இருந்தது, அதைத் தொடவில்லை. அதன் உள்ளேயே இரண்டு வோல்ட் சொச்சம் இழந்துவிடும். நம்மிடம் இருப்பதே 3.7. டிஆர்வி8833 2.7 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும், கட்டை விரல் நகம் அளவுதான். ஈஎஸ்பி32 வாங்கும்போது பழைய மூல ரகம்தான் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்3, சி3 ரகங்களில் கிளாசிக் ப்ளூடூத் கிடையாது. என் கேம்பேட் அதில் சேரவே சேராது.

முதல் ஓட்டத்தில் வண்டி கிளம்பிய கையோடு போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. மோட்டார் கிளம்பும் நொடியில் செல்லின் மின்னழுத்தம் சரிகிறது. போர்டில் இருக்கும் ரெகுலேட்டர் தன் பங்குக்கு ஒரு வோல்ட்டை விழுங்குகிறது. மிச்சம் ஈஎஸ்பி32க்குப் போதவில்லை. செல்லிலிருந்து 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் சிறிய மாட்யூல் ஒன்றைப் போர்டுக்கு மட்டும் போட்டு, அதன் வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தேன். மோட்டார் காதுகளில் தலா ஒரு 0.1 மைக்ரோஃபாரட். சரியாகிவிட்டது.

நிரலில் இரண்டு விஷயம்தான் சொல்லத் தக்கது. முப்பது சதவீதத்துக்குக் கீழே பிடபிள்யூஎம் (மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்து வேகத்தைக் குறைக்கும் முறை) கொடுத்தால் மோட்டார் முனகுமே தவிர நகராது. அதனால் குச்சியின் முதல் அசைவே முப்பதில் தொடங்கும்படி மாற்றினேன். பூஜ்யத்திலிருந்து முழு வேகத்துக்கு ஏற ஒன்றரை நொடி எடுக்கும்படியும் வைத்தேன். அதுவரை வண்டு மாதிரி துள்ளிய வண்டிக்கு அந்த ஒன்றரை நொடியில் எடை வந்துவிட்டது.

நின்ற இடத்திலேயே ஒரு ட்ராக் முன்னே, ஒன்று பின்னே என்று சுழலும் வசதியையும் வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். டி-34 அப்படிச் சுழலாது. ஒரு பக்கக் கிளட்ச்சை விட்டு, பிரேக் போட்டு, நின்ற ட்ராக்கை அச்சாக வைத்துத்தான் திரும்பும். பார்க்கிற நண்பர்கள் எல்லோரும் "சுத்தாதா?" என்று கேட்கிறார்கள். சுத்தாது.

டரட், மூடி, சில்லறை

டரட்டை (பீரங்கி இருக்கும் சுழல் மேடையை) திருப்ப, தொடர்ந்து சுழலும்படி மாற்றிய 9 கிராம் சர்வோ என்கிற சிறு மோட்டார். அதன் முனையில் ரப்பர் ஓ-ரிங் போட்ட சின்ன வளையம், டரட் வட்டத்தின் உள்விளிம்பை உரசித் திருப்புகிறது. பீரங்கி எங்காவது மோதினால் ரப்பர் வழுக்கும், பல் உடையாது. பீரங்கியை ஏற்றி இறக்கும் ஆசையை விட்டுவிட்டேன். அதற்கு டரட்டுக்குள் ஒயர் ஏறவேண்டும், ஒயர் ஏறினால் முழுச் சுற்று போய்விடும்.

மேல்மூடிக்கு நான்கு மூலையிலும் காந்தம். சார்ஜ் செய்யும் துளையைப் பின்தகட்டில் இருக்கும் வட்ட மூடிக்குப் பின்னால் மறைத்தேன். நிஜ வண்டியில் கியர்பெட்டியைப் பார்க்கத் திறக்கும் மூடி அது. சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருக்கிறேன், மேல்மூடியையும் எடுத்துவிடுவேன். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் லிப்போவைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகிற தைரியம் எனக்கு இல்லை. மின்னழுத்தம் 3.3க்கு இறங்கினால் நிரலே மோட்டாரை நிறுத்திவிடும்.

மொத்த எடை 430 கிராம். ஒரு சார்ஜுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிறது. இரண்டு விரல் தடிமன் உள்ள புத்தகத்தின்மேல் ஏற மறுத்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒரு விரல் தடிமன் என்றால் ஏறிவிடுகிறது. மிதியடி போன்ற நார்த் தரையில் ஓட்டவேண்டாம். ஒரே ஒரு இழை ரோலரில் சுற்றி, அதை எடுக்க ஓட்டுச் சக்கரத்தையே கழற்றவேண்டி வந்தது.

இதுவரை பத்து மணி நேரம்போல் ஓடியிருக்கிறது. போன வாரம் இடது பக்கத்தில் இரண்டு ஊசிகளின் பசை விட்டுப்போய் உள்ளே வந்திருந்தன. தட்டிவிட்டு மறுபடி பொட்டு வைத்தேன். தகடு வெட்டி அந்த ஆப்பைப் பித்தளையில் செய்து, தேய்த்த இடத்திலேயே திரும்ப ஒட்டிப் பார்க்கலாம் என்று ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறேன்.